கேள்வி நேரம்: குலுக்கல் நாள் மாறியது ஏன்?

கேள்வி: லண்டனில் தேசிய லாட்டரிக் குலுக்கல் வாரம் இரண்டு முறை என்கிறான் என் மகன். முன்பு ஒன்றுதானாமே, ஏன் மாற்றினார்கள்? (வாசகி, காட்பாடி)

பதில்: ஆமாம்மா. 1994 நவம்பரில் தொடங்கியபோது சனிக்கிழமை மட்டும்தான். 1997 பிப்ரவரியில் புதனும் சேர்ந்தது. எல்லாம் விற்பனைக்காகத்தான். முதல் பரிசு யாருக்கும் விழாவிட்டால் தொகை அடுத்த குலுக்கலுக்குப் போகும். குலுக்கல் கூடினால் அது சீக்கிரம் ஏறும், கடையில் கூட்டமும் ஏறும். அமெரிக்காவின் பவர்பால் லாட்டரியும் 2021 ஆகஸ்டில் திங்கட்கிழமையைச் சேர்த்துக்கொண்டது.

எனக்கு இது பயமாகத்தான் இருக்கிறது. வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டில் வாங்கிய சீட்டுகளுக்கு ரப்பர் பேண்ட் போட்டு, சட்டைப் பையில் வைத்திருப்பார் அப்பா. பேப்பரில் முடிவு பார்க்கும்போது கடைசி எண்ணில் விரல் அப்படியே நின்றுவிடும். தினக் குலுக்கல் வந்தபின் தினமும் நின்றது. 2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை வந்ததும், அம்மா கோட்டைக்குள் போய் ஜலகண்டேஸ்வரருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தார்.