பில்தாத் சொன்ன ஆறுதல் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

மூன்றாண்டுகளுக்கு முன் என் கணவர் இறந்தார். அதன்பின் வேலையை விட்டேன். மகனும் படிப்புக்காக வெளியூர் போய்விட்டான். என்னைவிடத் துன்பப்படுகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்பதை அறிவேன். ஜெபக்குழுவில் இருப்பவர்கள், இது ஒரு பருவம்தான், கர்த்தர் குறித்த வேளையில் மாறும், அதுவரை விசுவாசத்தோடு காத்திருங்கள் என்கிறார்கள். ‘உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்’ என்ற வசனத்தை அட்டையில் எழுதித் தந்திருக்கிறார்கள். ஆனால் ஜெபிக்க உட்கார்ந்தால் ஸ்தோத்திரம் வருவதில்லை. ஏன் இப்படிச் செய்தீர் என்ற ஒரு கேள்விதான் வருகிறது. என் விசுவாசம் போய்விட்டதா? நான் எந்த நேரத்தில் ஜெபிக்கலாம், எதை வாசிக்கலாம்? அடுத்த மாதக் கூட்டத்தில், கர்த்தர் எனக்குச் செய்ததைப் பற்றிச் சாட்சி சொல்லும்படி கேட்டிருக்கிறார்கள். சொல்லலாமா?

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் கடிதம் வந்தபோது வேதாகமத்தில் வரும் யோபுவின் கதையை மறுபடியும் வாசித்துக்கொண்டிருந்தேன். அந்த அட்டையிலுள்ள வசனமும் அதில்தான் இருக்கிறது என்பதால் உடனே எழுதுகிறேன்.

எந்த நேரத்தில் ஜெபிப்பது, எதை வாசிப்பது என்பதெல்லாம் என்னிடம் கேட்க வேண்டியவை அல்ல. முடிகிற நேரத்தில் முடிகிறதைச் செய்யுங்கள். ஆனால் உங்களைவிடத் துன்பப்படுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. கணவரை இழந்ததைச் சொல்வதற்கு முன்னுரையாக யாரிடம் மன்னிப்புக் கேட்கிறீர்கள்? இன்னொருவரின் துயரம் பெரிதாக இருப்பதால் உங்களுடையது ஓர் அணுவும் குறையப்போவதில்லை.

இனி அந்த அட்டைக்கு வருகிறேன். அந்த வாக்கியம் கடவுள் சொன்னதல்ல; யோபு சொன்னதும் அல்ல. எட்டாம் அதிகாரத்தில் யோபுவின் நண்பன் பில்தாத் சொன்னது. அதற்கு மூன்று வசனங்களுக்கு முன்னால், பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் தகப்பனிடம், அவர்கள் செத்தது அவர்களுடைய பாவத்துக்கான தண்டனையாக இருக்கலாம் என்ற பொருளில் அதே வாய் பேசுகிறது. அந்தப் பகுதியை யாரும் அட்டையில் எழுதித் தருவதில்லை. கதையின் முடிவில், நாற்பத்திரண்டாம் அதிகாரத்தில், பில்தாத் உள்ளிட்ட மூன்று நண்பர்களும் தம்மைப்பற்றிச் சரியானதைப் பேசவில்லை என்று கடவுள் கோபிக்கிறார். சரியாகப் பேசியவன் யோபு என்கிறார். பிறந்த நாளைச் சபித்தவன், தன்னோடு வழக்காட வா என்று கடவுளையே கூப்பிட்டவன் சரியாகப் பேசினான். எல்லாம் நல்லபடி முடியும் என்று ஆறுதல் சொன்னவர்கள் தவறாகப் பேசினார்கள். அந்த நண்பர்கள் செய்த ஒரே நல்ல காரியம், வந்த புதிதில் ஏழு பகலும் ஏழு இரவும் ஒன்றும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தது.

பருவம் மாறும் என்கிறவர்கள் பருவம் எப்படி மாறுகிறது என்பதை யோசிப்பதில்லை. பூமியின் அச்சு ஏறத்தாழ 23.4 பாகை சாய்ந்திருப்பதால் கோடையும் குளிரும் மாறிமாறி வருகின்றன. அதற்கு எவருடைய விசுவாசமும் தேவையில்லை. நாத்திகனுக்கும் வசந்தம் அதே நாளில்தான் வரும். போனது திரும்பி வருவதுதான் பருவத்தின் இயல்பு. இறந்தவரோ அடுத்த ஆண்டு திரும்பி வருவதில்லை. அப்படியிருக்க, உங்கள் வாழ்க்கையை ஒரு பருவம் என்று சொல்லி, காத்திருந்தால் வசந்தம் வரும் என்று நம்பச் சொல்வது, கடவுளை நம்பச் சொல்வதல்ல, நாட்காட்டியை நம்பச் சொல்வது. நாட்காட்டி கைவிட்டதும் கடவுள் கைவிட்டார் என்று தோன்றுகிறது. அவரோ அப்படி ஒரு வாக்கு கொடுக்கவே இல்லை. வேதாகமத்தின் பிரசங்கி என்ற நூலின் மூன்றாம் அதிகாரத்தையும் இப்படித்தான் வாசிக்கிறார்கள். அழ ஒரு காலம், நகைக்க ஒரு காலம் என்று வரும் பதினான்கு இணைகளையும் கால அட்டவணைபோல ஒப்பித்துவிட்டு எட்டாம் வசனத்தோடு மூடிவிடுகிறார்கள். கடவுள் ஆதிமுதல் அந்தம்வரை செய்துவரும் செயலை மனிதன் கண்டுபிடிக்க மாட்டான் என்று பதினொன்றாம் வசனம் சொல்வது அவர்கள் காதில் விழுவதில்லை.

சரி, யோபுவுக்கு எல்லாம் இரட்டிப்பாகத் திரும்பக் கிடைத்ததே என்பார்கள். எண்ணிப் பாருங்கள். 7,000 ஆடுகள் 14,000 ஆயின. 3,000 ஒட்டகங்கள் 6,000 ஆயின. 500 ஏர்மாடுகள் 1,000 ஏர்மாடுகள் ஆயின. பிள்ளைகள் மட்டும் இரட்டிக்கவில்லை. முதலில் ஏழு மகன்களும் மூன்று மகள்களும். பிறகும் அதே ஏழு, அதே மூன்று. முதல் பத்துப் பேரும் கடவுளிடம் இருப்பதால், சேர்த்துப் பார்த்தால் அதுவும் இரட்டிப்புதான் என்று உரைகாரர்கள் சமாதானம் சொல்வதுண்டு. அந்தக் கணக்கு எனக்கு ஒருபோதும் ஒப்பவில்லை. கால்நடைகளுக்குத்தான் ஈடு உண்டு என்பதைக் கதையை எழுதியவன் அறிந்திருந்தான் என்றே நினைக்கிறேன். (அந்தப் பத்துப் பேரையும் பெற்றவளுக்கு மொத்தக் கதையிலும் கிடைத்தது ஒரேயொரு பேச்சு; அதற்கும் அவளை இன்றுவரை திட்டுகிறார்கள்.)

இதை நான் வாசித்து மட்டும் அறியவில்லை. எனக்கு முன்பிறந்த அண்ணன் சிறுவயதிலேயே காய்ச்சலில் இறந்துபோனான். அதன்பின் நான் பிறந்தேன். போனவனே திரும்பி வந்துவிட்டான், கடவுள் எடுத்ததைக் கொடுத்துவிட்டார் என்று உறவினர்கள் அம்மாவிடம் சொன்னார்களாம்; அவன் பெயரையே எனக்கு வைக்கும்படி வற்புறுத்தினார்களாம். அம்மா சம்மதிக்கவில்லை. இவன் வேறு, அவன் வேறு என்று சொல்லிவிட்டாள். நான் ஒருவனின் இடத்தை நிரப்ப வந்தவனாக வளராமல் நானாகவே வளர்ந்தது அந்தப் பிடிவாதத்தால்தான். அவள் கடைசிவரை ஜெபிப்பதை நிறுத்தவில்லை. ஆனால் அது கேட்பவர்களுக்கு ஜெபம்போல இருக்காது. இன்றைக்காவது எனக்குப் பதில் சொல்வீரா என்றுதான் தொடங்கும். பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருக்கும் எனக்கு, வீட்டில் யாரோ ஒருவரோடு நெடுங்காலமாகத் தீராத ஒரு வழக்கை அவள் நடத்திக்கொண்டிருப்பதாகவே தோன்றும். அந்த யாரோ ஒருவர் அங்கே இருக்கிறார் என்பதில் மட்டும் அவளுக்கு ஐயமே இருந்ததில்லை.

பின்னாளில், சிவனைப் பாடிய நாயனார் சுந்தரரின் திருவாரூர்ப் பதிகத்தைப் படித்தபோது அம்மாவின் குரல்தான் நினைவுக்கு வந்தது. கண்கள் இரண்டும் போய், காஞ்சியில் ஒன்றை மட்டும் பெற்று ஆரூருக்கு வந்து நிற்கிறார். என்னை நீர் விற்றுக்கொள்ளலாம்; நான் அடமானத்துக்கு வந்தவன் அல்ல, விரும்பி ஆட்பட்டவன். என் கண்ணைப் பறித்துப் பழியை நீரே தேடிக்கொண்டீர். மற்றக் கண்ணைத் தராவிட்டால், நீராவது நன்றாக வாழ்ந்துபோம் என்கிறார். பாட்டுக்குப் பாட்டு ‘வாழ்ந்து போதீரே’ என்று முடிகிறது. மற்றக் கண்ணும் கிடைத்தது என்று பெரியபுராணம் சொல்லும். நான் திரும்பத் திரும்பப் படிப்பது, அது கிடைப்பதற்கு முன்பு அவர் நின்ற நிலையை. யாரோ ஒருவரிடம் இப்படிப் பேச முடியாது. கை உதறிவிட்டுப் போகமாட்டார் என்று உறுதியாகத் தெரிந்தவரிடம் மட்டுமே பேச முடியும்.

உங்கள் விசுவாசம் போய்விட்டதா என்று கேட்டிருந்தீர்கள். ஏன் இப்படிச் செய்தீர் என்று மூன்றாண்டுகளாக ஒவ்வொரு நாளும் யாரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்? இதற்கு ஜெபக்குழுவிடம் சான்றிதழ் வாங்க வேண்டுமா? அவர்கள் கெட்டவர்கள் அல்லர். உங்கள் வீட்டில் நிலவும் மௌனத்தைத் தாங்க முடியாமல் பேசுகிறார்கள். சாட்சி சொல்ல விருப்பமிருந்தால் போய்ச் சொல்லுங்கள். ஆனால் அவர்களுடைய நிம்மதிக்காக வராத வசந்தத்தை வந்ததாகச் சொல்லாதீர்கள்.

இன்னொன்று. இந்தக் கடிதத்தில் உங்கள் கணவர் ஒரே ஒரு வாக்கியத்தில் வந்து இறந்துபோகிறார். அவர் என்ன செய்துகொண்டிருந்தார், எதற்குச் சிரிப்பார், உங்களை எப்படிக் கூப்பிடுவார் என்று ஒரு வரிகூட இல்லை. அடுத்த கடிதத்தில் விசுவாசத்தைப் பற்றி எழுத வேண்டாம். அவரைப் பற்றி எழுதுங்கள்.