டாப் கியர் இனி என்ன ஆகும்? உங்க கேள்விகளும் என் பதில்களும்

டாப் கியர்ங்கிறது பிரிட்டன்ல பிபிசி நடத்தின கார் ஷோ. அதுல ஹோஸ்டா இருந்த கிளார்க்சன், ஹேமண்ட், மே மூணு பேரும் அப்புறம் அமேசான் பிரைம்ல பண்ண கார் ஷோ தி கிராண்ட் டூர். 2024 செப்டம்பர் 13 அன்னைக்கு அவங்க மூணு பேரும் சேர்ந்து வர்ற அதோட கடைசி எபிசோட் வந்துச்சு. டாப் கியரை பிபிசி 2023 நவம்பர்லயே ஓரங்கட்டியாச்சு. ரெண்டு பக்கமும் காலி. அதனாலதான் கேள்வி கேளுங்கன்னு சொன்னேன். நான் பதினோரு வருஷமா கார் வீடியோ ஷூட்டிங், எடிட்டிங் வேலையில இருக்கேன், இந்த ஷோவை காலேஜ் காலத்துல இருந்து பாக்குறேன். ஒரே ஒரு கண்டிஷன், வண்டில ஸ்டண்ட் எப்படி பண்றதுன்னு மட்டும் யாரும் கேக்காதீங்க.

ஆல்டோ ஓனர்: அண்ணே, டாப் கியர் கதை முடிஞ்சுதா?

முடியல தம்பி. இப்போதைக்கு எடுக்குறதில்லன்னு 2023 நவம்பர்ல பிபிசி சொன்னாங்க, அவ்வளவுதான். பேரு, ஸ்டிக் (ஹெல்மெட்டைக் கழட்டாத அந்த மர்ம டிரைவர்), பத்திரிகை, யூடியூப் சேனல் எல்லாம் அவங்க கையிலதான் இருக்கு. பிரான்ஸ்ல 2015-ல தனியா ஒரு டாப் கியர் ஆரம்பிச்சுது, ஆஸ்திரேலியாவுலயும் 2024-ல பாரமவுண்ட் பிளஸ்ல புதுசா ஒன்னு வந்துச்சு.

இதுக்கு முன்னாடியும் இந்த ஷோ ஒரு தடவை படுத்திருக்கு, அதை நிறைய பேர் மறந்துட்டாங்க. 1977-ல மிட்லாண்ட்ஸ் பகுதிக்கு மட்டும் ஆரம்பிச்ச நிகழ்ச்சி இது, எந்த கார் எத்தன மைலேஜ் கொடுக்கும்னு பொறுப்பா சொல்லிட்டு இருந்தாங்க. 1988-ல கிளார்க்சன் வந்தார், 1999-ல கிளம்பினார், கூட்டம் குறைஞ்சுது, 2001-ல பிபிசி மூடிட்டாங்க. அப்புறம் கிளார்க்சனும் அவரோட ஸ்கூல் தோஸ்த் ஆண்டி வில்மனும் சேர்ந்து புது வடிவம் ஒன்னு யோசிச்சு பிபிசிகிட்ட கொண்டு போனாங்க, 2002 அக்டோபர் 20 அன்னைக்கு டன்ஸ்ஃபோல்ட் பழைய விமான ஓடுதளத்துல அது ஆரம்பிச்சுது. அப்போகூட மூணாவது ஆள் ஜேம்ஸ் மே இல்ல, ஜேசன் டாவே. மே வந்தது 2003-ல, ரெண்டாவது சீரிஸ்ல. நாம கொண்டாடுற அந்தக் கூட்டணியே முதல் தடவையில அமையல.

நைட் ஷிஃப்ட்: கிளார்க்சன் திரும்ப வருவாரா?

மாட்டார். வயசு அறுபதைத் தாண்டியாச்சு, பண்ணையும் அதை வெச்சு அவர் எடுக்குற ஷோவும் நல்லா போகுது.

திருச்சிக்காரன்: 2015-ல அப்படி என்னதான் நடந்துச்சு? சுருக்கமா சொல்லுங்க.

மார்ச் மாசம் யார்க்‌ஷயர்ல ஒரு ஹோட்டல், ஷூட்டிங் முடிஞ்சு லேட்டா வந்தப்போ சூடா சாப்பாடு இல்லன்னு தகராறு, புரொடியூசர் ஒருத்தரை கிளார்க்சன் அடிச்சுட்டார். அவரோட கான்ட்ராக்டை புதுப்பிக்க மாட்டோம்னு பிபிசி மார்ச் 25 சொன்னாங்க. அவரைத் திரும்ப எடுங்கன்னு பத்து லட்சம் பேருக்கு மேல கையெழுத்து போட்டாங்க. என்னைக் கேட்டா பிபிசி செஞ்சது சரி. கூட வேலை பாக்குறவனை அடிச்சா அதுக்கு மேல பேச்சே இல்ல, ஷோ எவ்வளவு பெருசா இருந்தாலும். அப்புறம் ஹேமண்ட், மே போனாங்க, ஏப்ரல்ல வில்மனும் போனார். இதுல வில்மன் போனதுதான் பெரிய இழப்பு, ஏன்னு கீழ சொல்றேன்.

பழைய ஃபியட்: கிரிஸ் எவன்ஸ் சீசன் ஏன் ஊத்திக்கிச்சு? அந்த ஆளுக்கு கத்த மட்டும்தானே தெரியும்?

இதுக்கு கொஞ்சம் பெரிய பதில் சார். கிளார்க்சனுக்கு அப்புறம் ஹோஸ்டா வந்த ரேடியோக்காரர் எவன்ஸ் கத்தினார், உண்மை. 2016 மே 29 முதல் எபிசோடை 44 லட்சம் பேர் பாத்தாங்க, கடைசி எபிசோட் வரும்போது 19 லட்சம், மறுநாளே ராஜினாமா. ஆனா அந்த சீசன் திரையில வர்றதுக்கு முன்னாடியே, 2015 டிசம்பர்லயே, எக்ஸிக்யூட்டிவ் புரொடியூசர் அஞ்சே மாசத்துல விலகிட்டாங்க. ஒரு வருஷத்துக்குள்ள ஒரு புது டீம், திரையில மட்டும் ஏழு பேர், எழுதுறது யார் வெட்டுறது யார்னு குழப்பம். எடிட்டரா சொல்றேன், அந்த சீசனைப் பாத்தா தெரியும், ஜோக் முடிஞ்ச அப்புறமும் ஷாட் ஓடிட்டே இருக்கும்.

நமக்கு திரையில தெரிஞ்சது மூணு நண்பர்கள் சண்டை போட்டுக்கிட்டு ஊர் சுத்துறது. ஆனா அந்த சண்டை பெரும்பாலும் முன்னாடியே எழுதினது. எங்க வண்டி நிக்கணும், எந்தக் கோணத்துல இருந்து எடுக்கணும், அது எத்தன செகண்ட் வரணும்னு ஒருத்தர் உக்காந்து யோசிச்சிருக்கார். ஓடுற கார் ஒன்ன பக்கத்துல கேமரா வண்டி ஓட்டி எடுக்குறதுக்கே டிரைவர், கேமராமேன், வாக்கி டாக்கி வெச்சுக்கிட்டு ஒருத்தர்னு மூணு பேர் வேணும், ஒரே வளைவை ஆறு ஏழு தடவை ஓட்டுவோம், அதுல மூணு செகண்ட்தான் படத்துல நிக்கும். இதை ஒரு மணி நேரத்துக்குப் பெருக்கிப் பாருங்க. அந்த மூளைதான் வில்மன். எவன்ஸுக்கு கொடுத்தது காலி சமையல்கட்டு.

பழைய ஃபியட்: இல்லைங்க, நான் ஒத்துக்க மாட்டேன். கிளார்க்சன் இல்லாம டாப் கியரே இல்ல. அவர்தான் ஷோ.

அப்படின்னா 2019-ஐ எப்படி சொல்வீங்க? காமெடியன் பேடி மெக்கின்னஸ், கிரிக்கெட்டர் ஃபிளிண்டாஃப், கார் பத்திரிகையாளர் கிரிஸ் ஹாரிஸ் மூணு பேரும் வந்தப்புறம் ஷோ திரும்ப எழுந்து நின்னுச்சு, 2020-ல பிபிசி டூ-ல இருந்து பிபிசி ஒன்னுக்கே மாத்தினாங்க. ஆள் இல்லாத ஷோவை யாராவது பெரிய சேனலுக்கு மாத்துவாங்களா?

பழைய ஃபியட்: அது டாப் கியர் பேரை வெச்சு ஓடுச்சு. ஹாரிஸ் தவிர மத்த ரெண்டு பேருக்கும் காரே தெரியாது.

தெரியாததுதான் அங்க வேலை செஞ்சுது சார்! தெரிஞ்சவன் ஒருத்தன், பயப்படுறவன் ஒருத்தன், எதுக்கும் துணிஞ்சவன் ஒருத்தன். அவங்க பழைய மூணு பேரை காப்பி அடிக்கல, அவங்களுக்குன்னு ஒரு நட்பு இருந்துச்சு.

கோவை டீசல்: நடுவுல வர்றேன், மேட் லெப்ளாங்க்கை விட்டுட்டீங்களே. அவர் நல்லாதானே பண்ணார்?

நல்லா பண்ணார், நானும் பேசணும்னுதான் இருந்தேன். ஃப்ரெண்ட்ஸ் சீரியல் நடிகர், 2012-ல விருந்தாளியா வந்து கியா சீட்ங்கிற கார்ல 1 நிமிஷம் 42.1 செகண்ட்ல சுத்து அடிச்சவர், வண்டி ஓட்டத் தெரிஞ்ச மனுஷன். எவன்ஸ் போனப்புறம் அவர், ஹாரிஸ், ரோரி ரீட் மூணு பேரும் நிதானமா ஷோவை நிமித்தினாங்க. ரீட் யாருன்னா, முப்பது செகண்ட் வீடியோ அனுப்புங்கன்னு எவன்ஸ் வெச்ச பொது ஆடிஷன்ல இருந்து வந்தவர். ஃபியட் சார், இதையும் கணக்குல சேத்துக்கோங்க.

பழைய ஃபியட்: சேத்துக்கிட்டேன். ஆனாலும் பழசு மாதிரி வரல.

வரலதான், அதை நானும் மறுக்கல. பழசு மாதிரி வரலன்னா ஷோவே இல்லன்னு சொல்றதைத்தான் மறுக்குறேன்.

மாமல்லபுரம் ரோடு: ப்ரோ, ஈசிஆர்ல காலையில ட்ராஃபிக் இல்லாதப்போ டிரிஃப்ட் ஷாட் எடுக்க டிப்ஸ்?

மேலேயே சொன்னேன். பொது ரோட்டுல எடுக்காதீங்க. ட்ராக் வாடகைக்கு எடுங்க, ஹெல்மெட் போடுங்க, ஆம்புலன்ஸ் நிக்கட்டும். நாலு வருஷம் முன்னாடி ஒரு ஷூட்டிங்ல கேமராவை கண்ணாடிக்கு நடுவுல ஒட்டிட்டோம், டிரைவருக்கு இடது பக்கம் தெரியல, மீடியன்ல ஏறிட்டார். எல்லாரும் உயிரோட இருக்கோம்னா அது அதிர்ஷ்டம்.

தூத்துக்குடி அக்கா: ஃபிளிண்டாஃப் விபத்துனாலதான் ஷோ நின்னுச்சா?

ஆமா மேடம். நம்ம ஊர்ல அவரை எல்லாருக்கும் தெரியும், 2009 ஏலத்துல 15.5 லட்சம் டாலர் கொடுத்து சிஎஸ்கே எடுத்த ஆள், மூணே மேட்ச் ஆடிட்டு முட்டி வலின்னு போனவர். 2022 டிசம்பர்ல டன்ஸ்ஃபோல்ட்ல மோர்கன் சூப்பர் 3-ன்னு மூணு சக்கர வண்டி ஓட்டும்போது விபத்து. மேல கூரை கிடையாது. முகத்துல பலத்த காயம், விலா எலும்பும் உடைஞ்சுது. ஒன்பது மாசம் கழிச்சு இங்கிலாந்து டீமோட மைதானத்துல நின்னப்பதான் அந்த முகத்தை எல்லாரும் பாத்தாங்க, எனக்கு அன்னைக்கு சாப்பாடு இறங்கல.

2006-லயே ஹேமண்ட் ஜெட் கார்ல மணிக்கு 288 மைல் வேகத்துல டயர் வெடிச்சு சாகக் கிடந்தார். அதுக்கப்புறமும் நாம என்ன கேட்டோம்? இன்னும் வேகமா, இன்னும் பெருசா. பாக்குறவங்க ஆசையும் இதுல இருக்கு, என் ஆசையும் சேத்துதான். அடுத்து யார் எடுத்தாலும் முதல்ல சேஃப்டி டீமுக்கு "இல்ல, இதை எடுக்க மாட்டோம்"னு சொல்ற அதிகாரம் கொடுக்கணும், ஹோஸ்ட்டை அப்புறம் தேடட்டும்.

பைக் பிரியன்: கிளார்க்சன் மறுபடி பிபிசிக்கு வர சான்ஸ் இருக்கா?

நைட் ஷிஃப்டுக்கு சொன்ன பதிலைப் பாருங்க.

புது மாப்பிள்ளை: 8 லட்சத்துக்குள்ள ஃபேமிலி கார் எது வாங்கலாம்?

இது வேற கேள்விங்க. வீட்டுக்கு பக்கத்துல எந்த கம்பெனிக்கு நல்ல சர்வீஸ் சென்டர் இருக்குன்னு மொதல்ல விசாரிங்க, ரெண்டு மூணு வண்டி ஓட்டிப் பாருங்க.

மதுரை மல்லி: பெண் ஹோஸ்ட் வந்தா நல்லா இருக்குமா?

1977-ல முதல் ஹோஸ்ட்ல ஒருத்தரே ஆஞ்சலா ரிப்பன். ஜெர்மன் ரேஸ் டிரைவர் சபீன் ஷ்மிட்ஸை பாத்திருக்கீங்களா? ஜெர்மனியில இருக்குற நூர்பர்க்ரிங் ரேஸ் ட்ராக்ல கிளார்க்சன் ஜாகுவார் டீசல்ல தட்டுத்தடுமாறி 9 நிமிஷம் 59 செகண்ட், இவங்க சாமான் ஏத்துற டிரான்சிட் வேன்ல 10 நிமிஷம் 8 செகண்ட்! 2021-ல புற்றுநோய்ல போயிட்டாங்க. அவங்களை மையமா வெச்சு ஒரு சீரிஸ் எடுத்திருக்கணும்னு இன்னைக்கும் மனசு அடிச்சுக்குது.

ஹைதராபாத் தமிழன்: சார் கிளார்க்சன் வருவாரா மாட்டாரா?

மூணாவது தடவை. மாட்டார்.

எலக்ட்ரிக் ஆட்டோ: யூடியூப்ல இவ்வளவு ரிவியூ இருக்கும்போது டிவில கார் ஷோ எதுக்கு?

நல்ல கேள்வி. ரிவியூவுக்கு டிவி வேண்டாம், உண்மைதான். ஆனா போட்ஸ்வானாவுல உப்புப் பாலைவனத்தை பழைய வண்டில தாண்டுறதுக்கு காசும் ஆளும் மாசக்கணக்குல ரெக்கியும் (முன்னாடியே போய் இடம் பாக்குறது) வேணும், தனியாளா கேமரா தூக்குறவங்களால அது முடியாது. டாப் கியர் திரும்ப வந்தா வருஷத்துக்கு நாலு பயணம் எடுத்தா போதும், ஸ்டுடியோ வேண்டாம், பிரபலம் வேண்டாம். நல்லா எழுதுறவங்க ரெண்டு பேரை மொதல்ல பிடிச்சு அவங்களுக்கு ஒரு வருஷம் டைம் கொடுங்க. ஹோஸ்ட் யாருன்னு அப்புறம் முடிவு பண்ணிக்கலாம்.

பழைய ஃபியட்: கடைசியா ஒன்னு. நான் இந்த ஷோவை 2015-லயே விட்டுட்டேன். இப்போ எதைப் பாக்கலாம்?

சார், 2007 போட்ஸ்வானா ஸ்பெஷலை எங்கயாவது தேடிப் பாருங்க. மறுநாளே பிரைம்ல அந்த 2024 கிராண்ட் டூர் கடைசி எபிசோடைப் பாருங்க, ஜிம்பாப்வேல லான்சியா, காப்ரி, ட்ரையம்ஃப் ஸ்டாக்னு மூணு பழைய கார் எடுத்துக்கிட்டு கிளம்பி போட்ஸ்வானாவுல 2007-ல போன அதே கூபூ தீவுல போய் நிப்பாங்க. நடுவுல பதினேழு வருஷம். மூணு பேர் நடையும் மாறியிருக்கும். பாத்துட்டு எனக்கு எழுதுங்க, சண்டையை அங்க இருந்து தொடரலாம்.