வாசகர் கேள்வி – பதில்: சைலன்சர் வேலையை வீட்டிலேயே செய்யலாமா?

இம்முறை வந்த கடிதங்களுள் சைலன்சர் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். கடற்காற்று வீசும் வடசென்னையில் இந்தத் தொல்லை மற்ற ஊர்களைவிடச் சீக்கிரமே வந்துவிடுவதால், பதில்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கேள்வி: 2021-இல் வாங்கிய 125 சிசி பைக் வைத்திருக்கிறேன். சில வாரங்களாக ஆக்சிலேட்டரை விட்டதும் சைலன்சரில் ‘பட் பட்’ என்று வெடிக்கிறது. பெண்ட் பைப் என்ஜினில் சேரும் இடத்தில் கரி படிந்திருக்கிறது; மைலேஜும் குறைந்துவிட்டது. பட்டறைக்குப் போகாமல் நானே சரிசெய்ய முடியுமா?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: முடியும். நீங்கள் சொல்லும் மூன்று அடையாளங்களும் ஒரே இடத்தையே காட்டுகின்றன. என்ஜினிலிருந்து சைலன்சருக்குப் புகையைக் கொண்டுபோகும் வளைந்த குழாயான பெண்ட் பைப், என்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டில் உட்காரும் வாயில் ஒரு பேக்கிங் வளையம் இருக்கிறது. அது நசுங்கித் தேய்ந்திருக்க வேண்டும், அல்லது அதை அழுத்திப் பிடிக்கும் நட்டுகள் தளர்ந்திருக்க வேண்டும். அந்த இடுக்கு வழியாகப் புகை வெளியே கசிவதால் கரி படிகிறது. ஆக்சிலேட்டரை விடும்போது அதே இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, எரியாமல் மிஞ்சிய பெட்ரோல் ஆவியோடு கலந்து, சூடான குழாய்க்குள் பற்றிக்கொள்கிறது. நீங்கள் கேட்கும் வெடிச் சத்தம் அதுதான்.

மைலேஜ் குறைவதற்கும் இதே கசிவு காரணமாக இருக்கலாம். 2020 ஏப்ரல் 1 முதல் விற்பனையாகும் வண்டிகள் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டுத் தரத்தைச் சேர்ந்தவை. உங்கள் வண்டியைப் போன்றவற்றில் புகை செல்லும் வழியில் ஆக்சிஜன் சென்சார் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். கசிவு வழியாக நுழைந்த வெளிக்காற்றில் உள்ள ஆக்சிஜனைக் கண்டு, என்ஜினுக்குப் பெட்ரோல் போதவில்லை என்று அது தகவல் அனுப்ப, பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் அதை நம்பிக் கூடுதலாகப் பெட்ரோலைத் தெளிக்கச் செய்யும்.

முதலில் கசிவை உறுதிசெய்துகொள்ளுங்கள். காலையில் என்ஜின் ஆறியிருக்கும்போது வண்டியைத் தெருவில், திறந்த வெளியில் நிறுத்தி, சோப்புத் தண்ணீரை இணைப்பைச் சுற்றித் தடவிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். உதவிக்கு ஒருவர் தடித்த துணியைக் கையில் சுற்றிக்கொண்டு சைலன்சரின் வாயைச் சில நொடிகள் பாதியளவு மூடினால் போதும். கசியும் இடத்தில் நுரை பொங்கும். குழாய் ஒரு நிமிடத்திலேயே கொதித்துவிடும் என்பதால், இந்தச் சோதனையைத் தொடக்கத்திலேயே முடித்துவிட வேண்டும்.

அடுத்து நட்டைக் கழற்றும் கட்டம் வருகிறது. வீட்டு வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். இராயபுரத்துப் பட்டறை ஒன்றில் நான் தொழில் கற்றுக்கொண்டிருந்த காலத்தில், கடலோரத்தில் ஓடிய பைக் ஒன்றின் பெண்ட் பைப் நட்டைக் கழற்றச் சொன்னார்கள். துரு ஏறி நட்டும், அது ஏறியிருக்கும் மரைக்கம்பியான ஸ்டட்டும் ஒரே இரும்பாகியிருந்ததைக் கவனிக்காமல் ஸ்பேனரில் முழு பலத்தையும் கொடுத்தேன். முதலில் நட்டு அசைவதுபோலத் தெரிந்தது; மகிழ்ந்து இன்னும் அழுத்தினேன். திரும்பியது நட்டு அல்ல, ஸ்டட்டே முறுக்கிக்கொண்டிருந்தது என்பது, அது ‘டக்’கென்று ஒடிந்து சிலிண்டர் ஹெட்டுக்குள் தங்கிய பிறகுதான் புரிந்தது. பத்து நிமிட வேலைக்காக வந்த வண்டி, ஹெட்டைக் கழற்றி, துளைபோட்டு, புது மரை வெட்டுவதற்காக லேத்துக்குப் போனது. ஆகவே முந்தின இரவே துரு நீக்கும் எண்ணெயை மரையில் விட்டு ஊறவிடுங்கள். காலையில் நட்டைக் கால் சுற்று தளர்த்தி, மீண்டும் சற்று இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி தளர்த்துங்கள். ரப்பர்போல இழுபடுவதாகக் கைக்குப் பட்டால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டுப் பட்டறைக்குப் போய்விடுங்கள். அங்கே நட்டைச் சூடுகாட்டிக் கழற்றுவார்கள்.

பைப் கழன்றதும் பழைய வளையத்தைத் தோண்டி எடுத்துவிட்டுப் புது வளையம் போடுங்கள். ஒருமுறை நசுங்கிய வளையம் மறுபடி அடைக்காது; சில பத்து ரூபாயை மிச்சப்படுத்த நினைத்தால் வேலை முழுவதும் வீணாகிவிடும். இரண்டு நட்டுகளையும் முதலில் கையாலேயே ஏற்றி, சைலன்சரின் பின்பக்க போல்ட்டைத் தளர்வாகக் கோத்துவிட்டு, முன்நட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பின்போல்ட்டைக் கடைசியாக இறுக்குங்கள். பின்பக்கத்தை முதலில் இறுக்கினால் பைப் கோணலாக உட்கார்ந்து, சில வாரங்களில் அதே இடத்தில் மீண்டும் கசியும். சென்சார் ஒயரை இழுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டியை ஒருமுறை ஓட்டி, ஆறிய பிறகு நட்டுகளை மீண்டும் சோதித்துப் பாருங்கள்.

கேள்வி: ஐயா, நான் விடியற்காலையில் காசிமேடு துறைமுகத்துக்குப் போய் மீன் எடுத்துவந்து தண்டையார்பேட்டையில் விற்கிறேன். ஸ்கூட்டர் வாங்கி மூன்று வருடம்கூட ஆகவில்லை. சைலன்சரின் அடியில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்துவிட்டது. தம்பி எம்-சீல் வைத்து அடைத்தான், இரண்டே நாளில் உதிர்ந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் துருப்பிடிப்பது ஏன்? வீட்டில் அடைக்க வேறு வழி உண்டா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: சகோதரி, உங்கள் வண்டியில் துரு வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் சேர்ந்தே தின்றிருக்கிறது. வெளிக்காரணம் உங்களுக்கே தெரியும்: கடற்காற்றும், மீன் கூடையிலிருந்து சொட்டும் உப்புத் தண்ணீரும். உள்காரணம் பலரும் அறியாதது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீரும் உண்டாகிறது. நெடுந்தூரம் ஓடும் வண்டியில் சைலன்சர் நன்றாகச் சூடேறி, அந்தத் தண்ணீர் முழுதும் ஆவியாகவே வெளியேறிவிடும். காசிமேட்டுக்கும் தண்டையார்பேட்டைக்கும் இடையே போய்வரும் உங்கள் ஸ்கூட்டர் சூடேறுவதற்குள் நின்றுவிடுவதால், தண்ணீர் அடிவயிற்றில் தேங்கி, புகையிலுள்ள அமிலத்தோடு சேர்ந்து தகட்டை அரிக்கிறது. ஓட்டை மேலே விழாமல் அடியில் விழுந்ததற்குக் காரணம் இதுவே. வாரத்துக்கு ஒருமுறையாவது அரை மணி நேரம் நிற்காமல் ஓட்டினால் உள்ளே உலர்ந்துவிடும். சைலன்சரின் அடியில் தண்ணீர் வடிவதற்கான சிறு துளை இருந்தால், அதைப் பழுது என்று எண்ணி அடைத்துவிடாதீர்கள்.

எம்-சீல் போன்ற பசைகள் தண்ணீர்க் குழாய்க்கு ஏற்றவை. சைலன்சரின் சூட்டை அவை தாங்கமாட்டா. அடைப்பதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். வண்டி நன்றாக ஆறியபின், ஓட்டையின் ஓரத்தை ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திச் சுற்றிலும் குத்திப் பாருங்கள். தகடு அப்பளம்போல் நொறுங்கி ஓட்டை பெரிதானால், அந்தச் சைலன்சருக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் வீண், மாற்றிவிடுவதே முறை. ஓரம் கெட்டியாக இருந்தால், உலோகம் பளிச்சென்று தெரியும்வரை எமரி தாளால் தேய்த்து, சூடு தாங்கும் சைலன்சர் பேஸ்ட்டைத் தடவி, மேலே ஒரு தகட்டை வைத்துக் கிளாம்பால் இறுக்கலாம். உறையில் சொல்லியிருக்கும் நேரம்வரை காயவிட்ட பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். இது சில வாரங்களுக்கான ஏற்பாடுதான்.

நிலையாக அடைக்க வேண்டுமென்றால் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். சைலன்சரைத் தனியே கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். வண்டியிலேயே வைத்து வெல்டிங் அடித்தால் பொறி பெட்ரோல் டியூப் பக்கம் தெறிக்கும். பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் செய்தால் மின்னணுப் பெட்டியும் பழுதாகக்கூடும். அதன் பிறகு சூடு தாங்கும் பெயின்ட் அடித்து, வியாபாரம் முடிந்து வண்டி ஆறியதும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவிவிடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: சைலன்சருக்குள் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைத் தட்டி எடுத்துவிட்டால் மைலேஜ் ஏறும், பிக்கப்பும் கூடும் என்கிறார் ஒரு மெக்கானிக். செய்யலாமா?
– வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: செய்யாதீர்கள். புகையிலுள்ள நச்சைக் குறைக்கும், தேன்கூடு போன்ற அந்த அமைப்பின்மீது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் பூசப்பட்டிருக்கின்றன. கார்பன் மோனாக்சைடை அவைதான் கார்பன் டை ஆக்சைடாக மாற்றுகின்றன. அது அடைத்துக்கொண்டிருந்தால் மாற்ற வேண்டுமே தவிர, வெறும் குழாயாக்கிவிடக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி, புகை, ஒலி வரம்புகளை மீறி வண்டி ஓட்டினால் முதல் முறைக்கே 3 மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். ஓட்டுநர் உரிமத்துக்கும் 3 மாதத் தகுதியிழப்பு உண்டு. சட்டத்தை விடுங்கள், லாரிப் புகையை நாள் முழுதும் சுவாசிக்கும் நம் பகுதிக் குழந்தைகள்மீது இன்னும் கொஞ்சம் விஷத்தை ஏற்ற நமக்கு மனம் வரக் கூடாது.

கேள்வி: எங்கள் பழைய காரின் சைலன்சர் பைப் அடியில் எங்கோ விட்டிருக்கிறது, சத்தம் அதிகம். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகும்போது மனைவிக்குத் தலைவலியும் குமட்டலும் வருகின்றன, இறங்கினால் சரியாகிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை வீட்டு ஷெட்டிலேயே படுத்துப் பார்த்துவிடலாம் என்றிருக்கிறேன்.
– வாசகர், பெரம்பூர்

பதில்: ஐயா, தயவுசெய்து அந்தக் காரை இன்றோடு நிறுத்திவிடுங்கள். உள்ளே ஏறினால் தலைவலி, இறங்கினால் சரி என்பது கார்பன் மோனாக்சைடு காருக்குள் புகுவதற்கான எச்சரிக்கை. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்ளும். புகை வாசனை வரவில்லையே என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. உங்கள் மனைவியை ஒருமுறை மருத்துவரிடம் காட்டி, காரில் போகும்போது மட்டும் வருகிறது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். மயக்கமோ குழப்பமோ வந்தால் 108-ஐ அழைத்துவிடுங்கள்; ஸ்டான்லி அரசு மருத்துவமனையும் உங்கள் பகுதிக்குத் தொலைவில்லை.

ஷெட்டுக்குள் என்ஜினை ஓடவிட்டுக் கசிவு தேடுவது, அதிலும் ஷட்டர் பாதி மூடியிருக்கும்போது தேடுவது, உயிருக்கே ஆபத்து. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கடியில் படுப்பதும் அப்படியே. இதை வீட்டு வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தரைத்தகட்டிலும் துருவால் ஓட்டை விழுந்திருக்க வாய்ப்பு உண்டு என்பதால், லிஃப்ட் வசதியுள்ள பட்டறைக்கு இழுவை வண்டியில் அனுப்பி, குழாயோடு அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பெண்ட் பைப்பில் அஸ்பெஸ்டாஸ் கயிறு சுற்றினால் கசிவு நிற்குமா?
– வாசகர், எண்ணூர்

பதில்: வேண்டாம். அதன் தூசி நுரையீரலில் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. பழைய வண்டியில் ஏற்கெனவே சுற்றியிருந்தால் உலர்ந்த நிலையில் பிய்க்காதீர்கள். அதைத் தொடாமல் பட்டறையில் முன்கூட்டியே சொல்லி, பைப்போடு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: மழைத் தண்ணீரில் நின்ற பைக்கின் சைலன்சருக்குள் தண்ணீர் போய்விட்டால் உதைத்து ஸ்டார்ட் செய்யலாமா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையின்போது பலர் அப்படிச் செய்துதான் என்ஜினைக் கெடுத்துக்கொண்டார்கள். முதலில் என்ஜின் ஆயிலைப் பாருங்கள். பால் கலந்த தேநீர்போல வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போய்விட்டது, தொடவே வேண்டாம். ஆயில் தெளிவாக இருந்தால் சைலன்சரைக் கழற்றிக் கவிழ்த்து வடியவிட்டு, ஸ்பார்க் பிளக்கையும் ஏர் ஃபில்டரையும் கழற்றி உலர்த்துங்கள். பிளக் இல்லாமல், பிளக் ஒயரைத் தள்ளி வைத்துவிட்டு, கிக்கரை மெதுவாகச் சில முறை மிதியுங்கள். பிளக் துளையிலிருந்து தண்ணீர் தெறிப்பது நின்ற பிறகு எல்லாவற்றையும் மாட்டி ஸ்டார்ட் செய்யலாம். சைலன்சரிலிருந்து கொஞ்ச நேரம் வெண்புகை வரும். அது மிஞ்சிய ஈரம்தான். பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிய பிறகும் நிற்காவிட்டால் பட்டறையில் காட்டுங்கள்.