கேளிக்கை ஊரில் ஒரு பழைய மடாலயம்

கேள்வி: சைப்ரஸில் அய்யா நாபா போகிறோம். அங்குள்ள பழைய மடாலயத்தை எப்படிப் பார்ப்பது?

பதில்: காலையிலேயே போய்விடுங்கள். மடாலயம் ஊர் நடுவே, செஃபெரிஸ் சதுக்கத்தை ஒட்டி இருக்கிறது. சுற்றிலும் மதுக்கூடங்கள், இருட்டினால் இரைச்சல்தான். தோளும் முழங்காலும் மறையவேண்டும்; கடற்கரை உடைமேல் சுற்றிக்கொள்ள ஒரு துணி போதும்.

தேவாலயத்தின் ஒரு பகுதி பாறைக் குகை. வெயிலில் கூசிய கண்ணுக்குப் படி தெரியாது. குளிர்கண்ணாடியைக் கழற்றி, ஓரிரு நிமிடம் நின்று இறங்குங்கள். முற்றத்தில் குவிமாடத்தின் கீழுள்ள எண்கோண நீரூற்று வெனிஸ்காரர்கள் ஆண்ட காலத்தது, ஆண்டு 1530. பலரும் ஒரு பக்கத்தைப் படமெடுத்துவிட்டுக் கிளம்புகிறார்கள். சுற்றிவந்தால்தான் செதுக்கல்கள் பிடிபடும். தெற்கு வாசலுக்கு வெளியே, அத்தி இனத்துப் பழமரம் ஒன்று நல்ல நிழல் தரும்.