அம்மாவின் பெயருக்கு முன் 'திருமதி' போடலாமா?

களுவாஞ்சிகுடியில் இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தங்கச்சிக்கு ஆவணியில் கலியாணம். அப்பா காலமாகி மூன்று வருடம். கலியாணக் காட் அடிக்கக் கொடுத்த இடத்தில், அம்மாவின் பெயருக்கு முன்னால் இருந்த 'திருமதி'யைச் சிவப்புப் பேனையால் வெட்டி, "புருசன் இல்லாதவங்களுக்கு இது போடுறதில்லை" என்றார்களாம். மாமியும் அதைத்தான் சொல்கிறாவாம். "அம்மா ஒன்றும் பேசவில்லை. புரூப் தாளை நாலாக மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டா. எது சரியான முறை? மனைவி, சுமங்கலி, திருமதி என்ற சொற்களுக்கு உண்மையில் என்ன பொருள்?" என்று கேட்கிறார்.

போடலாம், தம்பி. கட்டாயம் போடுங்கள்.

'ஸ்ரீமதி' என்ற வடசொல்லைப் பார்த்துத் தமிழில் அமைத்துக்கொண்ட சொல்தான் 'திருமதி'. இதில் வரும் 'மதி' நிலவும் இல்லை, அறிவும் இல்லை. 'உடையவள்' என்று பொருள் தரும் வடமொழி விகுதி அது. ஆக, திருமதி என்றால் திரு உடையவள். மணமான பெண்ணுக்கு மரியாதையாக வழங்குகிறோம், அவ்வளவுதான். கணவர் இருக்கிறாரா, இல்லையா என்ற கணக்கு அந்தச் சொல்லுக்குள் எங்கேயும் கிடையாது. கணவரை இழந்த ஆசிரியை ஒருவரைப் பாடசாலையில் மறுநாளில் இருந்து வேறு மாதிரியா எழுதுகிறார்கள்? அங்கே திருமதியாக இருப்பவர் கலியாணக் காட்டில் மட்டும் எப்படி இல்லாமல் போவார்?

'சுமங்கலி'யில்தான் இந்தக் குழப்பம் தொடங்குகிறது. 'சு' என்றால் நல்ல. நல்ல மங்கலம் உடையவள் சுமங்கலி. ரிக் வேதத்தின் 10ஆம் மண்டலம், 85ஆம் பாடலில் இந்தச் சொல் வருகிறது. 'இந்த மணப்பெண் சுமங்கலி, வந்து பாருங்கள்' என்று கூடியிருப்பவர்களை அழைக்கும் இடம் அது. புதுப்பெண்ணுக்குச் சொல்லும் வாழ்த்து. 'கணவன் உயிரோடு இருப்பவள்' என்ற குறுகிய பொருள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. அப்படி ஒட்டியதும் அதற்கு எதிராக 'அமங்கலி' என்று ஒரு கொடிய சொல்லும் வேண்டியிருந்தது. மங்கலத்துக்கு வள்ளுவர் வேறு விளக்கம் தருகிறார். 60ஆம் குறளில் "மங்கலம் என்ப மனைமாட்சி" என்கிறார். வீட்டின் சிறப்பே மங்கலம், நல்ல பிள்ளைகள் அதற்கு அணிகலன். மூன்று வருடம் தனியாக வீட்டைத் தாங்கி, மகளைக் கலியாணம் வரைக்கும் கொண்டுவந்த உங்கள் அம்மாவிடம் இந்த மங்கலத்தில் எது குறை?

அப்புறம் 'மனைவி'. எனக்கு இந்தச் சொல்லில் தனிப் பிரியம் உண்டு. மனை என்றால் வீடு, வீடு இருக்கும் நிலம். மனைக்கு உரியவள் மனைவி. இல்லாள், இல்லவள், மனையாள் எல்லாம் இதே கிளையில் பூத்தவை. இன்னொன்றையும் கவனியுங்கள். இல்லாள் என்றால் வீட்டுக்காரி, ஆனால் இல்லான் என்றால் ஒன்றும் இல்லாதவன்! தொல்காப்பியத்தில் வரும் 'கிழத்தி'யும் உரியவள் என்றுதான் பொருள்படும். கிழமை என்பது உரிமை.

மற்ற ஊர்களில் இதெல்லாம் அகராதிப் பொருளாக இருக்கலாம். நம் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அது உறுதிப் பத்திரத்திலேயே இருக்கிறது. தாய் வழியாகக் குடி, அதாவது குலம், பார்க்கிற மண் இது. மகளுக்கு வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுக்கிறோம், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து இருக்கிறார். இந்த வழக்கத்தைத் தமிழரிடமும் பார்க்கலாம், முஸ்லிம்களிடமும் பார்க்கலாம். அலுமாரியைத் திறந்து, அந்தப் புரூப் தாளுக்குப் பக்கத்தில் வீட்டு உறுதி இருந்தால் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அம்மாவின் பெயர்தான் இருக்கும். அப்பா போனதால் அந்த மனை அவவை விட்டுப் போகவில்லை. மனைக்கு உரியவள் என்ற பெயர் மட்டும் ஏன் போகவேண்டும்?

மாமிக்குச் சொல்ல இன்னொன்றும் இருக்கிறது. வைகாசி பிறந்தால் தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம் என்று ஊரூராகக் கண்ணகி அம்மனுக்குக் கதவு திறந்து சடங்கு செய்கிறோம், அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திப் பாட்டுப் பாடுகிறோம். கணவனைப் பறிகொடுத்து, ஒற்றைச் சிலம்போடு மதுரையில் நீதி கேட்டவள் அவள். அவளிடம்தான் மழை கேட்கிறோம், பிள்ளைகளுக்கு நோய் வராமல் காக்கச் சொல்கிறோம். அவளைப் பத்தினி என்கிறோம். சிங்கள மக்களும் அதே பெயரால்தான் கும்பிடுகிறார்கள். அம்மன் முன்னால் கைகூப்பி நின்றவர்கள் கலியாண வீட்டில் ஒரு தாயைப் பின்வாசலில் நிற்கவிடுவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் மனது வலிக்கிறது.

சிலர் 'இன்னாரின் பாரியார்' என்று போடச் சொல்வார்கள். வடமொழியில் 'பார்யா' என்றால் தாங்கிப் பேணப்பட வேண்டியவள். வீட்டைத் தாங்கிக்கொண்டிருப்பவருக்கு அது பொருந்தவில்லை, எனக்குப் பிடிப்பதும் இல்லை.

இனி, எழுதும் முறை. நிறையப் பேர் விடும் பிழை ஒன்று உண்டு: 'காலஞ்சென்ற திரு. திருமதி கந்தசாமி தம்பதிகளின் மகள்' என்று எழுதிவிடுவார்கள். படிக்கிறவர் இரண்டு பேரும் காலமாகிவிட்டதாகத்தான் நினைப்பார். தாயை முதலில் வைத்தால் இந்தச் சிக்கலே வராது. பெயர்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்:

'திருமதி வள்ளியம்மை கந்தசாமி, காலஞ்சென்ற திரு. கந்தசாமி ஆகியோரின் அன்பு மகள்'

அழைப்பவர் பெயரும் அடியில் அம்மாவுடையதாகவே இருக்கட்டும். வீடு அவவுடையது, அழைக்கிறவவும் அவதான். காட்டை அச்சுக்குக் கொடுக்க முன் திருத்திய தாளை அம்மாவின் கையில் கொடுத்து, ஒரு தரம் வாசிக்கச் சொல்லுங்கள்.