அப்பாவின் கை

வணக்கம்.

என் அப்பாவுக்கு 76 வயது. இளமையில் துப்பாக்கி பிடித்துப் பழகியவர். ஆப்பிரிக்காவில் ஒரு குடு மானை வேட்டையாட வேண்டும் என்பது அவருடைய நாற்பது வருட ஆசை. நமீபியாவில், தலைநகர் விண்ட்ஹுக்கிலிருந்து மூன்று மணி நேரத் தொலைவில் ஒரு வேட்டைப் பண்ணையில் ஏழு நாளுக்குப் பேசி வைத்திருக்கிறேன். ஜூனில் போவதா செப்டம்பரில் போவதா என்பதுதான் குழப்பம். தம்பி இந்த வயதில் வேண்டவே வேண்டாம் என்கிறான். நண்பர்கள் மிருகத்தைச் சுடுவது பாவம் என்கிறார்கள். குண்டடி பட்ட மிருகம் தப்பி ஓடிவிட்டாலும் முழுக் கட்டணமும் கட்ட வேண்டுமாம். இது நியாயமா? அப்பாவுக்கு வலது கையில் லேசான நடுக்கம் உண்டு. சொன்னால் தயங்குவார்கள் என்பதால் அங்கே சொல்லவில்லை. நீங்கள் உங்கள் அப்பாவோடு நமீபியா போய்வந்ததாக ஒருமுறை எழுதியிருந்தீர்கள். எங்களுக்கு என்ன சொல்வீர்கள்?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில்தான் அலமாரியின் மேல்தட்டை ஒழித்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் துணித்தொப்பி கையில் வந்தது. அதன் விளிம்பில் ஒரு முள் ஒடிந்து அப்படியே நிற்கிறது. கொக்கி மாதிரி வளைந்த சின்ன முள். அந்தப் புதருக்கு அங்கே ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் ‘கொஞ்சம் பொறு’ என்று பொருள்படும் பெயர். சட்டையைப் பிடித்தால் விடாது. நின்று, ஓரடி பின்னால் வைத்துத்தான் கழற்றிக்கொள்ள வேண்டும். அப்பா அதில் மாட்டியபோதெல்லாம் நான் அவசரத்தில் பிடித்து இழுத்தேன். “இருடா, இரு” என்றார் ஒவ்வொரு தடவையும். அவர் போய் ஆறு வருடமாகிறது. அந்தப் பயணத்தைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதத்தைத் திறந்தேன்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். தம்பி சொல்வதை விடுங்கள். நடக்கத் தெம்பும் போக ஆசையும் இருக்கிற மனிதரைப் போகாதே என்று சொல்ல மருத்துவருக்கு மட்டும்தான் உரிமை உண்டு. பேஸ்மேக்கர் ஏதாவது வைத்திருந்தால் ரைபிளின் உதையைப் பற்றி அவரிடம் தனியாகக் கேளுங்கள். பாவமா என்ற விவாதத்தில் நாடுகளே ஒத்துப்போகவில்லை. கென்யா 1977ல் வேட்டையைத் தடை செய்தது. போட்ஸ்வானா 2014ல் நிறுத்தி, 2019ல் மறுபடி திறந்தது. நமீபியா 1996ல் சட்டத்தைத் திருத்தி, பொதுநிலங்களில் வாழும் மக்களுக்கு வனவிலங்குகளின் மீது உரிமையும் அதிலிருந்து வரும் வருமானமும் கிடைக்க வழி செய்தது. இதையெல்லாம் படித்துவிட்டுப் பேசுகிற நண்பர் என்றால் உட்கார்ந்து பேசுங்கள். மற்றவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். கேட்காமலே ஒன்று சொல்கிறேன்: துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள், அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். குடுவுக்குத் தோட்டாவின் ஆற்றல் குறைந்தது 2,700 ஜூல் இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். 308 ரக ரைபிளுக்கு அது தாராளம். தோளையும் ரொம்ப உதைக்காது.

இனி அந்த வரிக்கு வருகிறேன். ‘சொன்னால் தயங்குவார்கள் என்பதால் அங்கே சொல்லவில்லை.’ கட்டணத்தைப் பற்றிப் புலம்பிவிட்டு, போகிற போக்கில் இதைச் சொல்லியிருக்கிறீர்கள். படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் நானும் இதையேதான் செய்தேன்.

என் அப்பா ஜாம்பியாவில் சர்வேயராக இருந்த காலத்தில் ரைபிள் பழகியவர். நாங்கள் நமீபியா போனபோது அவருக்கு 74. அதற்கு இரண்டு வருடம் முன்பிருந்தே காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பார். தட்டில் வைக்கும்போது கடகடவென்று சத்தம் வரும். வீட்டில் எல்லோரும் கேட்காத மாதிரி இருந்துவிடுவோம். பண்ணையிலிருந்து முன்கூட்டியே ஒரு படிவம் அனுப்பியிருந்தார்கள். உடல்நிலை பற்றிச் சொல்ல வேண்டியது ஏதாவது உண்டா என்று ஒரு கேள்வி. ‘இல்லை’ என்று நான்தான் எழுதினேன். அவருக்குக் காட்டவும் இல்லை.

முதல் நாள் மேசையில் மணல்மூட்டை போட்டு, அதன்மேல் ரைபிளை வைத்துக் காகித இலக்கைச் சுடச் சொன்னார்கள். மூன்று தோட்டாவும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தன. எங்களை வேட்டைக்குக் கூட்டிப்போகும் பண்ணை வேட்டையாளர் அப்பாவின் தோளில் தட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. கையைத் தாங்கிக்கொண்டது மணல்மூட்டை என்று எனக்குத் தெரியும். வேட்டையாளருக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் மாலை நாலரை மணிக்கு ஒரு குடு கடா கிடைத்தது. 140 மீட்டர் இருக்கும். தடம் பார்ப்பவர் மூன்று கால் தாங்குகோலைச் சத்தமில்லாமல் விரித்தார். அப்பா அதில் ரைபிளை வைத்தார். நான் அவருக்குப் பின்னால் நின்றிருந்தேன். குழலின் நுனி காற்றில் சின்னச் சின்ன வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. வேட்டையாளர் பைனாகுலரில் மானைப் பார்த்துக்கொண்டிருந்தார். வட்டத்தைப் பார்த்தது நான் ஒருவன்தான். வாயைத் திறக்கவில்லை. வெடித்தது. கடா முதுகைக் கூனிக்கொண்டு புதருக்குள் போயிற்று. வேட்டையாளர் பைனாகுலரை இறக்கிவிட்டு ஒன்றும் சொல்லாமல் நின்றார். அப்படிக் கூனினால் வயிற்றில் பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

அரைமணி நேரம் காத்திருந்துவிட்டுத் தொடர்ந்தோம். தடம் பார்ப்பவர் குந்தி உட்காருவார். புல் தண்டில் முழங்கால் உயரத்தில் கறுத்த ரத்தம் ஒரு பொட்டு இருக்கும். பக்கத்து முள்ளில் ஒரு துண்டு வெள்ளைக் காகிதத்தைச் செருகிவிட்டு அடுத்த பொட்டைத் தேடுவார். தடம் தவறினால் திரும்பி வந்து பார்க்க அது அடையாளம். அப்பா அடிக்கடி நின்று, வந்த வழியில் வரிசையாகத் தெரிந்த அந்தக் காகிதங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். இருட்டிவிட்டது. விடிந்து மறுபடி தேடி, கிட்டத்தட்ட பத்து மணிக்குக் கண்டுபிடித்தோம். உயிரோடு படுத்திருந்தது. எங்கள் சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கியது. அந்தப் பெரிய காதுகள் இரண்டும் எங்கள் பக்கம் திரும்பின. வேட்டையாளர் முடித்துவைத்தார்.

அன்றிரவு நெருப்புப் பக்கத்தில் அப்பா கேட்டார்: “என் கை நடுங்குறத அவர்கிட்ட சொன்னியா?”

“இல்லப்பா.”

“ஏன்?”

எனக்குப் பதில் வரவில்லை.

“நான் சொல்லியிருப்பேனேடா” என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை.

மறுநாள் காலை அவரே போய் வேட்டையாளரின் முன்னால் மேசையில் கையை நீட்டிக் காட்டினார். அந்த மனிதர் முகம் சுளிக்கவில்லை, எங்களை ஊருக்கு அனுப்பவும் இல்லை. எப்போது அதிகமாகிறது, காலையிலா மாலையிலா, களைத்தால் கூடுகிறதா என்று கேட்டுக்கொண்டார். அப்புறம் திட்டத்தையே மாற்றினார். தண்ணீர்க் குட்டைக்குப் போகும் ஒற்றையடித் தடத்துக்குப் பக்கத்தில் ஒரு மறைவிடம், முதுகு சாயும் நாற்காலி, முன்னால் மணல்மூட்டை. தடம் வரை 60 மீட்டர்தான். அப்பா மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். காட்டுப்பன்றிகளையும் கினிக்கோழிக் கூட்டத்தையும் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒற்றைக் கொம்பு ஒடிந்த ஒரு கிழட்டு ஜெம்ஸ்பாக் வந்தது, நீளக் கொம்பு மான் வகையில் ஒரு பெட்டை. வேட்டையாளர் தலையசைத்தார். ஒரே தோட்டா. நின்ற இடத்திலேயே விழுந்தது.

முதல் நாளே சொல்லியிருந்தால் முதல் நாளே அந்த நாற்காலி கிடைத்திருக்கும். அந்தக் குடு ஓர் இரவு முழுக்க அப்படிக் கிடந்திருக்காது.

உங்களிடம் கேட்கிறேன் க., இதை யாருக்காக மறைக்கிறீர்கள்? அப்பாவுக்காக என்று சொல்லாதீர்கள். அவருக்குத் தன் கையைப் பற்றித் தெரியும். நம் எல்லோரையும் விட நன்றாகத் தெரியும். சட்டைப் பொத்தான் போடும்போது தினமும் பார்க்கிறார். பிள்ளைகளுக்குத்தான் அது பார்க்கச் சகிக்காத காட்சி. அப்பா தளர்கிறார் என்று ஒரு வெளியாளிடம் வாய்விட்டுச் சொல்ல நமக்கு நாக்கு எழவில்லை. அந்தக் கூச்சத்துக்குப் பாசம் என்று பேர் வைத்துக்கொள்கிறோம். அதற்கான விலையை ஒரு வாயில்லா ஜீவன் கொடுக்கிறது. அதைப் பார்த்துவிட்டு அப்பா மீதி நாளெல்லாம் மனதுக்குள் வைத்துப் புழுங்குகிறார். என் அப்பா சாகும்வரை அந்தக் காதுகளைப் பற்றிப் பேசினார். ஒரே தோட்டாவில் விழுந்த ஜெம்ஸ்பாக்கைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

தப்பி ஓடினாலும் கட்டணமா என்று கேட்டிருந்தீர்கள். ‘தப்பி’ என்று எப்படி எழுத வந்தது உங்களுக்கு? வயிற்றில் தோட்டாவோடு புதருக்குள் போன மிருகம் எங்கே தப்பியது? ரத்தம் விழுந்துவிட்டால் கணக்கு உங்களுடையது என்பது அங்கே வழக்கம். நியாயமான வழக்கம். அந்த நிபந்தனையை அப்பாவுக்கும் படித்துக் காட்டுங்கள். நம்மைவிட அவர் அதைச் சரியாகப் புரிந்துகொள்வார்.

இன்னொன்றும் கவனித்தேன். இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், அப்பா சொன்னதாக ஒரு வாக்கியம்கூட இல்லை. தம்பி பேசுகிறார், நண்பர்கள் பேசுகிறார்கள், கட்டணப் பட்டியல்கூடப் பேசுகிறது. அவருடைய நாற்பது வருட ஆசை எதன் மேல்? மானைச் சுடுவதா, அந்தக் காட்டில் ஒரு நாள் நடப்பதா, உங்களோடு ஏழு நாள் இருப்பதா? கேட்டீர்களா? கேளுங்கள். கேட்டுவிட்டு, பண்ணைக்குப் போகும் கடிதத்தை அவரையே எழுதச் சொல்லுங்கள். கை நடுங்கி எழுத்து கோணினால் கோணட்டும். அந்த எழுத்தைப் பார்த்தாலே வேட்டையாளருக்கு வேண்டியதெல்லாம் தெரிந்துவிடும்.

கோபமாக எழுதிவிட்டேன். உங்கள் மேல் வருத்தம் எதுவும் இல்லை. அப்பாவை அழைத்துப்போக நினைக்கிற பிள்ளைகள் எத்தனை பேர்? அவசியம் போய்வாருங்கள்.

ஜூனா செப்டம்பரா என்று கேட்டிருந்தீர்கள். செப்டம்பர். ஜூன் விடியற்காலையில் அங்கே எலும்பைத் துளைக்கும் குளிர், குளிரில் நடுக்கம் கூடும். செப்டம்பர் என்றால் மழை நின்று பல மாதம் ஆகியிருக்கும், மிருகங்கள் தண்ணீருக்கு வந்தாக வேண்டும், அப்பா அதிகம் நடக்க வேண்டியிருக்காது. மதியம் வெயில் சுடும், அந்நேரம் அவர் தூங்கட்டும். காலையில் கிளம்பும்போது காபி மட்டும் கொடுக்காதீர்கள். கையை அது இன்னும் ஆட்டும்.