அக்காவுக்குக் கொடுத்த வலி மாத்திரை எனக்கும் சரிப்படுமா?

கேள்வி: எனக்கு வயது 63. இடது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 1.5 இருக்கிறது. போன வருடம் இதே அறுவை சிகிச்சை செய்துகொண்ட என் அக்கா, டிக்ளோஃபெனாக், டிரமடால் இரண்டையும் சாப்பிட்டு, பெரிய வலி இல்லாமல் நடந்துவிட்டார். அதையே எனக்கும் எழுதித் தரச் சொல்லலாமா? இல்லை, சிறுநீரகத்துக்குப் பயந்து வலியைப் பொறுத்துக்கொள்வதுதான் நல்லதா?

பதில்: இரண்டும் வேண்டாம். அக்காவின் மருந்துச் சீட்டு உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் அதற்காக வலியோடு கிடக்க வேண்டிய அவசியமும் இல்லை.

முதலில் டிக்ளோஃபெனாக். வலிக்கும் வீக்கத்துக்கும் நல்ல மருந்துதான். ஆனால் இந்த வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். கிரியாட்டினின் 1.5 என்றால் உங்கள் வயதில் சிறுநீரகத்தின் திறன் ஏற்கெனவே கணிசமாகக் குறைந்திருக்கிறது என்று பொருள். அத்தோடு ரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரில், லோசார்டன் போன்ற மருந்தும், சிறுநீரை அதிகம் பிரிய வைக்கும் மருந்தும் சேர்ந்திருந்தால், டிக்ளோஃபெனாக் மூன்றாவதாக வந்து சேர்வது ஆபத்து. அறுவை சிகிச்சையில் ரத்தமும் நீரும் குறைந்திருக்கும் நாட்களில் இது இன்னும் மோசம். ஐபுபுரூஃபன், செலிகாக்சிப் இரண்டுக்கும் இதே கதைதான். செலிகாக்சிப் வயிற்றுக்குக் கொஞ்சம் சாதுவானது, சிறுநீரகத்துக்கு அல்ல.

டிரமடால் விஷயம் வேறு. கல்லீரலில் இருக்கும் ஒரு நொதி அதை மாற்றிக் கொடுத்தால்தான் அது முழுதாக வேலை செய்யும். அந்த நொதி சிலருக்குப் பிறப்பிலேயே சரியாக வேலை செய்யாது. அவர்களுக்கு மாத்திரை போட்டும் வலி பெரிதாகக் குறையாது. சிலருக்கு அது மிக வேகமாக வேலை செய்யும். வழக்கமான அளவிலேயே அளவுக்கு மீறிய மயக்கம், வாந்தி, சில நேரம் மூச்சு மந்தமாவதுகூட வரலாம். உடன்பிறந்தவர்களுக்குள்ளேயே இந்த வேறுபாடு இருக்க வாய்ப்புண்டு. ‘எனக்கு அந்த மாத்திரை வேலையே செய்யவில்லை’ என்று ஒருவர் சொன்னால் நான் அதை அப்படியே நம்புவேன். வலி தாங்காதவர் என்று ஒதுக்கக் கூடாது. மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வலிப்பு வந்தவர்களும் டிரமடாலுக்கு முன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

சரி, உங்களுக்கு என்னதான் கொடுப்பார்கள்? பெரும்பகுதி வேலையை ஊசிகளே செய்துவிடும். முதுகில் மரக்கும் ஊசி, தொடையின் உட்புறம் போகும் நரம்பை மட்டும் மரக்க வைக்கும் நரம்பு பிளாக், மூட்டைச் சுற்றி அறுவை சிகிச்சை நிபுணரே போடும் ஊசி. முன்பு இடுப்புக்குக் கீழேயே நரம்பை மரக்க வைப்பார்கள். வலி போகும், ஆனால் தொடைத் தசையும் தளர்ந்து, எழுந்தால் கால் மடிந்துவிடும். இப்போது தொடையில் கொஞ்சம் கீழே இறங்கிப் போடும்போது தசையின் பலம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். முழங்காலின் பின்பக்க வலியை அது முழுதாகத் தொடாது. மூட்டைச் சுற்றிப் போடும் ஊசி அதற்குத்தான்.

இவற்றோடு பாராசிட்டமாலை வலி வந்த பிறகு அல்ல, மணிக்கணக்குப்படி கொடுப்பார்கள். ஒரு நாளைக்கு 4 கிராமுக்கு மேல் போகக் கூடாது. எடை 50 கிலோவுக்குக் கீழே இருந்தாலோ கல்லீரல் கோளாறு இருந்தாலோ இன்னும் குறைவு. சளி மாத்திரைகளிலும் பாராசிட்டமால் இருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். இதையும் மீறி வலித்தால்தான் மார்ஃபின் குடும்பத்து மருந்து. மார்ஃபினின் கழிவு சிறுநீரகம் வழியாகப் போக வேண்டியது என்பதால், உங்களுக்கு அது உடம்பில் தங்கித் தூக்கத்தையும் மூச்சு மந்தத்தையும் தரலாம். வேறு மருந்தையோ குறைந்த அளவையோ தேர்ந்தெடுப்பார்கள். வாந்திக்கும் வலிக்கும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைப் போட்டால் ஓரிரு நாள் சர்க்கரை ஏறும். அடிக்கடி பரிசோதித்துக்கொண்டால் போதும்.

அதனால் அறுவை சிகிச்சைக்கு முன்பே மயக்க மருந்து நிபுணரைப் பார்த்துப் பேசுங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் கையில் கொண்டு போங்கள். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, வயிற்றுப் புண், முன்பு எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரிய வேண்டும். கால் எரிச்சலுக்குப் பிரிகாபலின் சாப்பிட்டால் நீங்களாக நிறுத்தாமல் அதையும் சொல்லுங்கள். குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று திடுக்கிட்டு எழும் பழக்கம் இருந்தால் வீட்டில் இருப்பவரையே சொல்லச் சொல்லுங்கள். இப்படி மூச்சு நிற்பவர்களுக்கு மார்ஃபின் வகை மருந்து கூடுதல் ஆபத்து. பயமாக இருந்தால் அதையும் வெட்கப்படாமல் சொல்லலாம். அதிகப் பயமும் தூக்கமின்மையும் வலியைக் கூட்டும் என்பது உண்மை.

வலியைப் பொறுத்துக்கொள்வது பற்றிக் கேட்டீர்கள். முதல் சில வாரங்களில் முழங்காலை மடக்கி நீட்டாவிட்டால் மூட்டு இறுகிவிடும். வலியே இல்லாத நிலையை யாராலும் உறுதியாகத் தர முடியாது. படுத்திருக்கும்போது வலி எவ்வளவு என்பதைவிட, எழுந்து நடக்கவும் பிசியோதெரபி செய்யவும் முடிகிறதா என்பதுதான் எனக்கு முக்கியம். பயிற்சிக்கு அரை மணி முன்பு மாத்திரை போடுங்கள். நரம்பு பிளாக் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் விட்டுவிடும். அது விடும்போது வலி சட்டென்று ஏறும் என்பதால் அதற்கு முன்பே மாத்திரை தொடங்கியிருக்க வேண்டும். துணி சுற்றிய ஐஸ் ஒத்தடமும் உதவும். முழங்காலுக்கு அடியில் மட்டும் தலையணை வைக்காதீர்கள், மடங்கியே பழகிவிடும். வைப்பதானால் குதிகாலுக்கு அடியில் வையுங்கள்.

வீட்டுக்குப் போனபின் வலி குறைந்துகொண்டு வந்து மறுபடி ஏறினால், காயத்தில் நீர் கசிந்தால், காய்ச்சல் வந்தால், கெண்டைக்கால் வீங்கி வலித்தால், அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மூன்று மாதம் கழித்தும் வலி விடாமல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். இப்படி நீடிக்கும் வலி பலருக்கு வருகிறது, அதற்குத் தனியாகச் சிகிச்சை உண்டு.